பனியே இல்லாத ஊரில் பனிக்கால டாங்கி

சிங்கப்பூரில் பனி விழுந்ததில்லை. இருந்தும் இங்குள்ள வீவக வீடுகள் சிலவற்றின் கண்ணாடி அலமாரிகளில் வெள்ளை பூசிய டாங்கிகள் நிற்கின்றன. உண்மையான வண்டியின் நீளத்தில் 35ல் ஒரு பங்கு இருக்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் அவை. நாலரை மீட்டர் நீளமுள்ள ஸ்டூவர்ட் டாங்கி இந்த அளவில் 13 சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பனிக்கால மறைப்பு வண்ணம் பார்ப்பதற்கு எளிது. பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டு, புதிதாகத் தொடங்குபவர் வெள்ளைத் தெளிப்பானை எடுத்து வண்டி முழுவதும் அடித்துவிடுவார். காய்ந்த பிறகு பார்த்தால் அது பனியில் நின்ற போர் வண்டியாகத் தெரியாது. குளிர்பதனப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருக்கும். மூன்று வார வேலை அந்த ஒரு மாலையில் கெட்டுப்போகும்.

காரணம், அந்த வெள்ளை ஒரு நிறமே அல்ல என்பதுதான். அது ஒரு தற்காலிகப் பூச்சு.

1939ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது அதன் டாங்கிகளில் பல பச்சை நிறத்திலேயே பனிக்காட்டுக்குள் சென்றன. வெண்பனியில் அவை தூரத்திலேயே கண்ணில் பட்டன. 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படைக்கும் அதே சிக்கல். வெள்ளை வண்ணம் போதுமான அளவு வந்து சேரவில்லை. கிடைத்த சுண்ணாம்பையும் சாக்குத் தூளையும் நீரில் கரைத்துத் துடைப்பத்தாலும் கந்தைத் துணியாலும் பூசினார்கள்; படுக்கை விரிப்புகளைப் போர்த்தியவர்களும் உண்டு. வசந்தம் வந்து நிலம் பழுப்பானதும் வெள்ளையைக் கழுவிவிட வேண்டும். ஆகவே எளிதில் நீங்கும் பூச்சுதான் தேவைப்பட்டது. அது எளிதில் தேய்ந்தும் போனது.

பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். சாரல் படும் இடத்தில் கரைந்து கோடுகளாக வழியும். கை படும் நிலைப்படி ஓரத்தில் முதலில் தேய்ந்து, போன வருட நிறம் எட்டிப் பார்க்கும். டாங்கியிலும் நடந்தது இதுவேதான். வீரர்கள் ஏறி இறங்கும் முன்பகுதி, திறந்து மூடும் மூடிகளின் விளிம்பு, கருவிப்பெட்டிகளின் மூலை ஆகியவை முதலில் வெளுப்பை இழக்கும். இயந்திரத்தின் மேலுள்ள கம்பித் தட்டில் சூடும் புகையும் சேர்ந்து வெள்ளையைப் பழுப்பாக்கும். சக்கரங்களில் பூச்சு ஒரு நாள் நின்றாலே அதிகம். எண்ணும் படைச் சின்னமும் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சதுரமாக விட்டுவிட்டுப் பூசியிருப்பார்கள். அந்தச் சதுரத்துக்குள் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

அந்தப் பழைய நிறம் எது என்பதில்தான் மாதிரியின் நம்பகத்தன்மை அடங்கியிருக்கிறது. 1941-42 குளிர்காலத்து ஜெர்மானிய வண்டி என்றால் வெள்ளைக்கு அடியில் கருஞ்சாம்பல். 1943 பிப்ரவரிக்குப் பிறகு அடர்மஞ்சள் அடிப்படை நிறமானதால், அந்த ஆண்டுக் கடைசியில் பூசிய வெள்ளையின் கீழ் அதுதான் தெரிய வேண்டும். சோவியத் டி-34 வண்டிக்குப் பச்சை. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் நின்ற அமெரிக்க ஷெர்மனுக்கு ஆலிவ் பச்சை. ஆண்டையும் இடத்தையும் முடிவு செய்யாமல் வண்ணக் குப்பியைத் திறப்பது வீண்.

தமிழ் வாசகர்கள் இன்னொரு பனிக்களத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1948 நவம்பர் 1ஆம் தேதி, காஷ்மீரிலிருந்து லடாக் செல்லும் வழியில் உள்ள ஸோஜிலா கணவாயில் இந்திய ராணுவத்தின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. கணவாயின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அதற்கு முன் அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டதில்லை என்று ராணுவ வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மேஜர் ஜெனரல் திம்மையாவின் திட்டம் அது. ஓட்டிச் சென்றது ஏழாவது குதிரைப்படை. 18ஆம் நூற்றாண்டில் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய பிரிவு. வழியிலிருந்த பாலங்கள் எடையைத் தாங்க வேண்டும் என்பதற்காகச் சுழல் கோபுரங்களைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள்.

ஆனால் டாங்கி ஏறுவதற்கு முதலில் பாதை வேண்டுமே! அங்கே இருந்தது கோவேறு கழுதைகள் போகும் ஒற்றையடித் தடம். அதை ஜீப் செல்லும் பாதையாக வெட்டி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகள். 1780ல் தொடங்கிய இப்படையில் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்துவந்திருக்கிறார்கள். ராணுவத்தில் அவர்களுக்கு ‘தம்பி’ என்றே பெயர். பனிக்குப் பழக்கமில்லாத தென்னாட்டுக்காரர்கள் கடுங்குளிரில் பாறையைக் குடைந்து போட்ட வழியில்தான் அந்த டாங்கிகள் ஏறின. எதிர்த்தரப்பு டாங்கியை அங்கு எதிர்பார்க்கவே இல்லை. அந்த மாதமே திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன.

கடைகளில் கிடைக்கும் ஸ்டூவர்ட் பெட்டிகளில் வழக்கமாக அமெரிக்கப் பிரிவுகளின் சின்னங்களே வருகின்றன. ஸோஜிலாவைச் செய்ய விரும்புபவர் வண்டியை வாங்கிவிட்டு மற்றதைத் தாமே செய்துகொள்ள வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: பனி என்றவுடன் வெள்ளை பூசிவிடக் கூடாது. குறிப்பிட்ட வண்டி வெள்ளை பூசியிருந்ததைப் படத்தில் பார்த்தால் மட்டுமே பூசுவது கவனமாகச் செய்பவர்களின் வழக்கம். ஸோஜிலாவில் எதிரியின் கண்ணை ஏமாற்றியது வண்ணமல்ல, கோபுரம் கழற்றிய வண்டிகளின் பயணம். அந்த வண்டியை ஆலிவ் பச்சையில் விட்டு, பனியைத் தரையிலும் சங்கிலிப் பட்டைகளிலும் வைப்பதே சரி. வெள்ளைப் பூச்சைக் கற்றுக்கொள்ள டி-34 போன்ற ஒன்றே ஏற்றது. அதன் பெரிய சரிந்த தகடுகள் தவறுகளை மன்னிக்கும்.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1969 தேசிய தின அணிவகுப்பில் மக்கள் முதன்முறையாகப் பார்த்த சிங்கப்பூர் டாங்கி, பிரெஞ்சு வடிவமைப்பான ஏஎம்எக்ஸ்-13. அதே வகை டாங்கிகளைத்தான் இந்திய விமானப்படை 1962 அக்டோபரில் ஏஎன்-12 விமானங்களில் ஏற்றி, 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் லடாக்கின் சுஷூலில் இறக்கியது. 2016ல் டமியா நிறுவனம் 1:35 அளவில் ஏஎம்எக்ஸ்-13 மாதிரியை வெளியிட்டது. ஒரே பெட்டியிலிருந்து பாடாங் அணிவகுப்பையும் செய்யலாம், சுஷூலையும் செய்யலாம்.

இனி வேலைக்கு வருவோம். பாகங்களை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, ஒட்டுவது எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றுதான். உப்புத்தாளும் மறைப்பு நாடாவும் ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும். தூரிகை, எண்ணெய் வண்ணம், போஸ்டர் வண்ணம் போன்றவற்றுக்கு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். மிக முக்கியமான பொருள் தேக்கா பக்கம் இருக்கிறது: தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே. விலை மலிந்த ரகமே போதும்.

முறை இதுதான். அடிப்படை நிறத்தை அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் பாதுகாப்பாக ஒரு தெளிந்த வார்னிஷ் பூச வேண்டும். அடுத்து ஹேர்ஸ்பிரேயை மெல்லியதாக இரு முறை. அது காய்ந்த கால் மணி நேரத்தில் நீர் கலந்த அக்ரிலிக் வெள்ளையைத் தெளிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி கூடாது. துடைப்பம் பட்ட இடமும் படாத இடமும் தெரிய வேண்டும். தூய வெள்ளைக்குப் பதில் துளி மஞ்சளோ சாம்பலோ சேர்த்த வெள்ளை நல்லது. அரை மணி கழித்து, ஈரத் தூரிகையால் ஓரங்களை மெதுவாகத் தேய்த்தால் அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே கரையும். மேலுள்ள வெள்ளை செதில் செதிலாக உரியும். சுவரில் காரை பெயர்வதுபோலவே இருக்கும்.

இதில்தான் கை நடுங்கும். வெள்ளை தடித்துவிட்டால் உரியவே உரியாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வண்ணம் இறுகிவிடும். தண்ணீர் அதிகமானால் ஒரு பக்கம் முழுவதும் தோலுரிந்து வந்துவிடும். ஆல்கஹால் கலந்த தின்னரில் வெள்ளையைக் கரைத்தால் அது தெளிக்கும்போதே ஹேர்ஸ்பிரேயைக் கலைத்துவிடும். அனுபவசாலிகள் முதலில் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் முதுகில் எல்லா அடுக்குகளையும் பூசிப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வரும் கரண்டிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

தெளிப்பான் வாங்க விரும்பாதவர்களுக்குப் போஸ்டர் வண்ணம் இருக்கிறது. தூரிகையால் மேலிருந்து கீழாகப் பூசி, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். படைவீரர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே என்பதால், விலையுயர்ந்த முறைகளைவிட இது சில சமயம் உண்மையாகத் தெரிகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. கடைசியில் மங்கல் வார்னிஷ் பட்டதும் அந்த வெள்ளை பாதி மறைந்துபோகும். அதை எதிர்பார்த்துச் சற்றுக் கூடுதலாகவே பூசிவைக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று சிங்கப்பூரின் ஈரப்பதம். விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். லாக்கர் வகைத் தெளிப்பை மழை மாலையில் அடித்தால், ஆவியாகும் தின்னர் மேற்பரப்பைக் குளிரவைத்து, காற்றிலுள்ள நீரைப் பூச்சுக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை டாங்கி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். பனிக்கால மாதிரிதானே, உறைபனி என்று சொல்லிவிடலாம் என்று சிலர் சமாளிப்பதுண்டு. ஆனால் அந்த வெளுப்பு மறைப்பு வண்ணத்தையும் சின்னங்களையும் சேர்த்து விழுங்கிவிடும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத் தெளிப்பது பாதுகாப்பானது. காற்றழுத்தக் கருவியில் நீர்ப் பொறியும் அவசியம். அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகச் சேர்ந்து, வண்ணத்தோடு துளியாக வந்து விழும். நடு வெள்ளையில் ஒரு துளி போதும், தகடு முழுவதையும் மறுபடி செய்ய.

வீவக வீட்டில் தெளிப்பவர்கள் அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. தின்னர் வாடை தாழ்வாரம் முழுவதும் பரவும். சன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் சிறு தெளிப்புப் பெட்டியும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். சாதாரணத் துணிக் கவசம் உதவாது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் நீர் கலந்த வண்ணங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வெள்ளை தேய்ந்த பிறகு அழுக்கு சேர்க்க வேண்டும். மழைநீர் வழிந்த தடங்களுக்கு நீர்த்த பழுப்பு எண்ணெய் வண்ணம். இயந்திரப் பகுதிக்கு மெல்லிய கரி. செந்துருவை அள்ளிப் பூசுவது பலரும் செய்யும் தவறு. போரில் ஒரு டாங்கி சில மாதம் உழைத்தாலே பெரிது. துருப்பிடித்து உதிர அதற்கு நேரமிருக்காது. பனியில் ஓடும் சங்கிலிப் பட்டை தேய்ந்து, ஈரமாக மினுங்கும் இரும்பாகவே இருக்கும்.

தரைப் பனிக்குப் பழைய குறிப்புகள் பலவும் சமையல் சோடாவைச் சொல்கின்றன. அது நாளாக ஆகப் பழுப்பேறுகிறது, ஈரமான ஊரில் இன்னும் சீக்கிரமாக. கோலத்துக்கு வாங்கிய அரிசி மாவைத் தூவிப் பார்ப்பதும் வேண்டாம். முதலில் எறும்பு வரும், பிறகு பூஞ்சணம். மாதிரிப் பொருள் கடைகளில் விற்கும் நுண்கண்ணாடி மணிகளை வெள்ளை அக்ரிலிக்கோடும் மங்கல் வார்னிஷோடும் பிசைந்து பூசினால் பல ஆண்டு வெளுப்பாக நிற்கும். கண்ணாடித் தூள் என்பதால் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். பனி எங்கும் ஒரே உயரத்தில் கிடப்பதில்லை. காற்றடிக்கும் பக்கம் பாறை தெரியும், மறுபக்கம் குவியும். வண்டி போன தடத்தில் அடியிலுள்ள மண் கலந்து சாம்பல் நிறமாகும்.

ஸோஜிலாவைச் செய்பவருக்கு டாங்கியைவிட இந்தத் தரைதான் பெரிய வேலை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே புதிதாக வெட்டிய குறுகிய பாதை. பாதையோரம் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஏழெட்டு மனிதர்கள். ராணுவப் பொறியாளர் உருவங்கள் பெட்டியில் வராது. மற்ற உருவங்களின் கைகால்களை வெட்டி ஒட்டி, தலைக்குக் கம்பளித் தொப்பி செதுக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால், பச்சை நிறத்திலேயே, 13 சென்டிமீட்டர் டாங்கி.