வயிற்றுச் சொற்சேர்க்கைகள்

வயிறு என்ற சொல்லோடு வழக்கத்தில் ஒட்டிவரும் வினைகளும் அடைகளும் இங்கே தொகுக்கப்படுகின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பேச்சே இதற்கு அடிப்படை. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் பல ஊர்க்காரர்கள் குடியேறிய வட்டாரம் இது. பழைய சென்னைத் தமிழின் ‘வவுறு’, தென்மாவட்டத்தாரின் ‘வயிறு’, படித்த பிள்ளைகளின் ‘ஸ்டமக்’ மூன்றையும் ஒரே தெருவில் கேட்கலாம்.

உடல்நிலை

தமிழின் வயிறு ஆங்கில ‘ஸ்டமக்’கைவிட அகலமானது. இரைப்பை, குடல், கருப்பை மூன்றும் அதற்குள் அடக்கம். ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்றால் கர்ப்பிணி. உடன்பிறந்தவர்கள் ‘ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்’. வடமொழிச் ‘சகோதர’னுக்குள்ளும் ஒரே வயிறு என்ற பொருளே இருக்கிறது.

நோய்க்கான வினைகள் நுட்பமானவை. வயிறு வலிக்கும், கடுக்கும், உப்பும், பொருமும், மந்தமாகும், இழுத்துப் பிடிக்கும். ‘வயித்தால போவுது’ என்பதைப் பலர் இப்போது ‘லூஸ் மோஷன்’ என்கிறார்கள். இங்கிலாந்து மருத்துவர் இப்படிப் பேசுவது அரிது. இந்திய ஆங்கிலம் நமக்குத் தந்த நாகரிகம் இது. பசியிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலேயனின் வயிறு பசித்தால் உறுமும். நம் பசி வயிற்றைக் கிள்ளும். வயிறு கடமுடவென்றால் இங்கே பெரும்பாலும் அஜீரணத்தைத்தான் சந்தேகிப்பார்கள்.

வெறும் வயிறு, அரை வயிறு, கால் வயிறு என அளவுச் சேர்க்கைகளும் உண்டு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ‘நாளைக்கு வெறும் வயித்துல வாங்க’ என்றால் விளக்கம் கேட்பவர் இல்லை. ஆங்கிலத்தின் ‘எம்ப்டி ஸ்டமக்’ இதற்கு நேர் இணை.

பிழைப்பும் உணர்ச்சியும்

ஆங்கிலம் நெஞ்சிடம் ஒப்படைத்த பல வேலைகளைத் தமிழ் வயிற்றிடம் கொடுத்திருக்கிறது. வேலை என்பது வயிற்றுப்பிழைப்பு. கூலியைப் பிடித்தாலோ ஆளை நிறுத்தினாலோ ‘வயித்துல அடிக்கிறான்’ என்பார்கள். தொழிற்சாலை வாசலில் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இல்லை. சேமிக்கிறவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறார். இரவுப் பணிக்குப் போன மகள் வீடு திரும்பும்வரை தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வந்துவிட்டேன் என்ற அழைப்பு அவள் வயிற்றில் பால் வார்க்கிறது. அச்சம் வயிற்றைக் கலக்கும், புளியைக் கரைக்கும். ‘வயிற்றில் பட்டாம்பூச்சி’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. காதல் வசனங்களுக்குத்தான் பொருந்துகிறது, தேர்வு முடிவுக்குப் புளியே போதும்.

வயிற்றெரிச்சல் தனித்துச் சொல்லத்தக்கது. பொறாமை, ஆற்றாமை, சாபம் மூன்றும் அதில் உண்டு. தெலுங்கில் ‘கடுப்பு மன்ட்ட’, கன்னடத்தில் ‘ஹொட்டெ உரி’ என அண்டை மொழிகளிலும் எரிவது வயிறுதான். ஆந்திர எல்லை அருகிலிருக்கும் இந்தப் பகுதியில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடம் இதை மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை.

நல்லவற்றுக்கும் குறைவில்லை. வயிறு குளிரச் சாப்பிடலாம், வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று தாய் சொல்லிவிட்டால் எதிரில் நிற்பவருக்குப் பதில் வராது. வயிற்றையே முன்னிலையாக்கி அதன் தொல்லையைப் பேசும் ஒரு வெண்பா ஔவையாரின் நல்வழியில் இருப்பது பலர் அறிந்ததே.

ஆங்கிலத்தோடு

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஸ்டமக்’ துணிவையும் செருக்கையும் குறித்தது. இன்று சகிக்க முடியாததை ‘ஸ்டமக்’ என்ற வினையால் மறுக்கிறார்கள். தமிழில் அந்த இடத்தில் ‘ஜீரணிக்க முடியவில்லை’ வருகிறது. உறுப்பைச் சொல்லாமல் அதன் செயலைச் சொல்வதால் நம்முடையதே கூர்மையானது.

பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் ‘மை ஸ்டமக் இஸ் பெயினிங்’ என்பது ‘வயிறு வலிக்குது’ என்பதன் நிழல். ஆங்கிலத்தில் அங்கே ‘ஹர்ட்ஸ்’ என்ற வினையே இயல்பு. இருந்தாலும் இலக்கணப் பிழையைவிடப் பொருள் மயக்கமே பெரிய சிக்கல். தமிழ் வயிற்றின் அகலத்தை அப்படியே ‘ஸ்டமக் பெயின்’ என்றால் இரைப்பைப் புண்ணும் மாதவிலக்கு வலியும் சிறுநீரகக் கல்லும் ஒரே பெயரில் வந்து நிற்கும். மருத்துவரிடம் எந்த மொழியில் பேசினாலும் மேல்வயிறா, அடிவயிறா, தொப்புளைச் சுற்றியா, எந்தப் பக்கம் என்று விரல்வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.