பித்தளை டோக்கனும் கம்பெனிப் பதிவேடும்

டோக்கன் என்றதும் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது வங்கியில் தரும் பித்தளை வில்லைதான். செக்கைக் கவுண்டரில் நீட்டினால் எண் பொறித்த வில்லை ஒன்று கைக்கு வரும். கேஷியர் அந்த எண்ணைக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அதை உருட்டிக்கொண்டிருப்போம். வில்லை பணம் அல்ல. ஆனால் உள்ளே நம் செக் இருக்கிறது, லெட்ஜரில் நம் பெயர் இருக்கிறது என்பதால் அந்த வில்லைக்கு ஒரு மதிப்பு. லெட்ஜரை எடுத்துவிட்டால் பித்தளையின் எடைக்குத்தான் விலை.

இப்போது அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை டோக்கன் ஆக்கி விற்கிறார்கள். ஆப்பிள், டெஸ்லா, அமேசான் எல்லாவற்றுக்கும் டோக்கன் இருக்கிறது. இது பங்குதானா, பங்கின் நிழலா என்று கேட்டால் பதில் சொல்ல நானூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பங்கு மாற்றப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஃபோலியோ எண்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1602-ல் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பின்னாளில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்த அதே கம்பெனிதான். ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் 1,143 பேர் முதல் போட்டார்கள். பெயர்களை எழுதிய இடம் டிர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீடு. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் நீல்ட்கென் கோர்னெலிஸும் 100 கில்டர் போட்டாள். பெரிய வணிகர்களின் பெயர்கள் ஏறிய அதே ஏட்டில் அவள் பெயரும் ஏறியது. எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும்.

அன்று பங்குப் பத்திரம் என்று இன்று நாம் நினைப்பதுபோல் ஒன்று கிடையாது. 2010-ல் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு மாணவர் கண்டெடுத்த 1606-ம் வருடத்துக் காகிதத்தை உலகின் மிகப் பழைய பங்கு என்கிறார்கள். உண்மையில் அது பணம் கட்டியதற்கான ரசீது. உரிமை இருந்த இடம் கம்பெனியின் பதிவேடு. விற்பவரும் வாங்குபவரும் கம்பெனிக் கணக்கரிடம் போய், இயக்குநர்கள் இருவர் ஒப்ப, ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் கூட்டினால்தான் பங்கு கை மாறும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்ததும் ஏறத்தாழ இதே வேலைதான்!

சரி, பதிவேடு ஒன்று வந்ததும் அதற்கு வெளியே ஒரு நிழல் வியாபாரமும் வரும் அல்லவா? வந்தது. ஜோசப் டி லா வேகா என்பவர் 1688-ல் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். பங்குச் சந்தை பற்றி எழுதப்பட்ட முதல் புத்தகம் அது. அதில் ‘டுகாட்டோன் பங்கு’ என்ற ஒன்று வருகிறது. அசல் பங்கின் முகமதிப்பு 3,000 கில்டர், சாமானியனுக்கு எட்டாது. ஆகவே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கற்பனைப் பங்கை உண்டாக்கினார்கள். விலை ஒரு புள்ளி ஏறினால் ஒரு டுகாட்டோன் வெள்ளிக்காசு லாபம், இறங்கினால் அதே அளவு நஷ்டம். மாதத்துக்கு ஒரு தடவை வித்தியாசத்தை மட்டும் பைசல் செய்வார்கள். கம்பெனியின் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதப்படாது. சின்னத் தொகையில் பெரிய கம்பெனி என்று இன்று டோக்கனுக்குச் செய்யும் விளம்பரம் அப்போதே தயார்.

அடுத்தது அமெரிக்கா. 1867-ல் டிக்கர் இயந்திரம் வந்தபின் நியூயார்க் விலை நாடு முழுக்க உடனுக்குடன் தெரிய ஆரம்பித்தது. உடனே தெருவுக்குத் தெரு ‘பக்கெட் ஷாப்’ முளைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் தரகர் அலுவலகம் மாதிரியே இருக்கும். கரும்பலகையில் விலை எழுதிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் பத்துப் பங்கு வாங்கச் சொல்லிப் பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். அந்த ஆர்டர் எந்தச் சந்தைக்கும் போகாது. நீங்கள் ஜெயித்தால் கடைக்காரர் கைக்காசு போகும், நீங்கள் தோற்றால் அவருக்கு வரவு. சந்தை சேர்ந்தாற்போல் ஏறி எல்லா வாடிக்கையாளர்களும் ஜெயிக்க ஆரம்பித்தால் ஒருநாள் காலையில் கடையில் பூட்டுதான் தொங்கும். பின்னாளில் வால் ஸ்ட்ரீட்டில் பேர்போன ஜெஸ்ஸி லிவர்மோர் பையனாக இருந்தபோது பாடம் படித்தது இப்படிப்பட்ட கடைகளில்தான்.

இவர்களை ஒழித்துக்கட்ட சிகாகோ சந்தை கடைசியில் விலைப் பட்டியலையே ஆயுதமாக எடுத்தது. எங்கள் விலை எங்கள் சொத்து, அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாது என்று வழக்கு. 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதை ஒப்புக்கொண்டு தீர்ப்பெழுதினார். 1907 பீதிக்குப் பிறகு சட்டங்களும் இறுக, அந்தக் கடைகள் மெல்ல மறைந்தன.

நிழல் என்றாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. 1927-ல் நியூயார்க்கின் கேரண்டி டிரஸ்ட் வங்கி, லண்டனின் செல்ஃப்ரிட்ஜ் கடையின் பங்குகளைத் தன்வசம் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக அமெரிக்கர்களுக்கு ரசீது கொடுத்தது. அதுதான் முதல் ஏ.டி.ஆர். நம் இன்ஃபோசிஸ் 1999-ல் நாஸ்டாக்கில் ஏறியதும் இதே வழியில்தான். இதிலும் கையில் இருப்பது பங்கு அல்ல, ரசீது. ஆனால் பங்கு ஒரு வங்கியில் பத்திரமாக இருக்கும். ரசீதைக் கொடுத்து அசல் பங்கைக் கேட்டுப் பெற வழி உண்டு. இன்ஃபோசிஸ் மாதிரி கம்பெனியே முன்னின்று செய்யும்போது டிவிடெண்ட் போய்ச் சேருவதற்கும் ஓட்டுக்கும் ஒப்பந்தத்திலேயே வழி எழுதியிருக்கும்.

இனி நம் ஊர்க் கதை. 1990-களின் நடுவரை பங்கு என்றால் காகிதம். வாங்கியவர் சர்டிஃபிகேட்டோடு மாற்றுப் படிவத்தையும் இணைத்து, ஸ்டாம்பு ஒட்டி எங்களுக்கு அனுப்புவார். விற்றவரின் கையெழுத்தை நாங்கள் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ‘S’ வளைவு கொஞ்சம் மாறியிருந்தால் ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வயதானவர்கள் பாவம், கை நடுங்கும். தபாலில் தொலைந்தது, போலிப் பத்திரம், டூப்ளிகேட் என்று தலைவலிக்குக் குறைவே இல்லை. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த வருடம் நவம்பரில் என்.எஸ்.டி.எல். தொடங்கியது, காகிதம் டிமேட் ஆனது. டிமேட்டில் கம்பெனியின் ஏட்டில் டெபாசிட்டரிதான் பதிவு பெற்ற உரிமையாளர். ஆனால் பலனுக்கு உரியவரான நம்மைத்தான் கம்பெனியின் உறுப்பினராகச் சட்டம் கருதுகிறது. ஓட்டு நமக்கு, டிவிடெண்ட் நமக்கு, போனஸும் ரைட்ஸும் நமக்கு. பெயர் ஒரு படி தள்ளி இருந்தாலும் உரிமையின் நூல் அறுந்துபோகாதபடி சட்டம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

அமெரிக்கர்கள் இதே சங்கடத்தில் எங்களுக்கு முன்பே மாட்டினார்கள். 1968-ல் காகித வேலை குவிந்துபோய், நியூயார்க் சந்தையைப் புதன்கிழமைகளில் மூடி வைத்துக் கணக்கு முடித்தார்கள்! 1973-ல் டி.டி.சி. என்ற டெபாசிட்டரி வந்தது. அமெரிக்கப் பங்குகளில் பெரும்பகுதி இன்று அதன் நியமனப் பெயரான ‘சீட் அண்ட் கோ’ பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. டோக்கன் ஆதரவாளர்களின் பலமான வாதமே இதுதான்: “நிஜப் பங்கு என்கிறீர்களே, அதிலும் உங்கள் பெயர் கம்பெனி ஏட்டில் இல்லையே!”

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. டோல் என்ற வாழைப்பழக் கம்பெனியை 2013-ல் அதன் தலைவர் டேவிட் மர்டாக் முழுவதுமாக வாங்கிக்கொண்டார். கொடுத்த விலை குறைவு என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டு, இழப்பீடும் கிடைத்தது. அதைப் பங்கு பிரிக்கும்போதுதான் வேடிக்கை. அந்தக் கூட்டத்துக்குச் சேரவேண்டிய பங்குகள் 3,67,93,758. உரிமை கோரி வந்த மனுக்களில் இருந்த பங்குகளோ 4,91,64,415. எல்லாரும் தரகர் கணக்கைக் காட்டுகிறார்கள், யாரும் பொய் சொன்னதாகவும் தெரியவில்லை. கடைசி நாள்களில் விற்று இன்னும் பைசல் ஆகாதது, ஷார்ட் விற்பனைக்குக் கடன் கொடுத்தது என்று ஒரே பங்கை இரண்டு பேர் உரிமை கொண்டாடும் நிலை. 2017-ல் டெலவேர் நீதிமன்றம் கடைசியில் டெபாசிட்டரியின் கணக்குப்படியே பிரித்துக்கொடுக்க வழிசெய்தது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எங்கள் அலுவலகத்தின் பழைய லெட்ஜர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதே 2017-ல் டெலவேர் தன் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, பங்குதாரர் பதிவேட்டை பிளாக்செயினில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதற்கு முந்தின வருடமே ஓவர்ஸ்டாக் என்ற கம்பெனி தன் பங்குகளில் ஒரு வகையை பிளாக்செயின் வழியாக வெளியிட்டிருந்தது. கம்பெனியே இப்படி வெளியிட்டால் டோக்கன்தான் பங்கு. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஏடு மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் கடையில் பரவலாக விற்பது இது அல்ல. 2021-ல் பைனான்ஸ் டெஸ்லா டோக்கன் கொண்டுவந்தது. ஜெர்மன் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. அந்த வருடத்துக்குள்ளேயே கடையைக் கட்டிவிட்டார்கள். எஃப்.டி.எக்ஸும் பங்கு டோக்கன் விற்றது. 2022 நவம்பரில் அது திவாலானபோது வாடிக்கையாளர்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். 2025 ஜூன் 30 அன்று இரண்டு புது வரவு. ஒன்று எக்ஸ்ஸ்டாக்ஸ்: ஜெர்சி தீவில் பதிவான ஒரு கம்பெனி அசல் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக டோக்கன் வெளியிடுகிறது. விலை உங்களுக்கு, டிவிடெண்ட் கூடுதல் டோக்கனாகக் கணக்கில் சேரும், ஓட்டு கிடையாது. இன்னொன்று ராபின்ஹுட் ஐரோப்பியர்களுக்கு விற்கும் டோக்கன்: அதன் சொந்தக் காகிதங்களின்படியே அது ஒரு டெரிவேட்டிவ் ஒப்பந்தம். அறிமுகப் பரிசாக ஓப்பன்ஏஐ டோக்கனும் கொடுத்தார்கள். இரண்டே நாளில் ஓப்பன்ஏஐ, இது எங்கள் பங்கு அல்ல, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எங்கள் பங்கு கை மாற எங்கள் அனுமதி வேண்டும், அதை நாங்கள் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அது தொழில்நுட்ப அர்த்தத்தில் பங்கு இல்லைதான் என்று ராபின்ஹுட் தலைவரும் ஒப்புக்கொண்டார். டுகாட்டோன் காலத்தில் கம்பெனிக்குச் செய்தியே போகாது. இப்போது கம்பெனி மறுப்பு அறிக்கை விடுகிறது. முன்னேற்றம்தான்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? என் அண்ணன் மகன் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறான். இரண்டு வருடம் முன்னால் அண்ணன் காலமானார். அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இருபது வருடமாகச் சேர்த்த பங்குகள் இவன் பெயருக்கு வந்தன. போன மாதம் போன் செய்தான். “சித்தப்பா, அப்பாவோட ஷேரை எல்லாம் வித்துட்டு அமெரிக்க டோக்கனா மாத்திடலாம்னு பார்க்கறேன். நைட்டுலயும் விக்கலாம், பத்து யூரோவுக்குக்கூட வாங்கலாம். ரெண்டும் ஒண்ணுதானே?”

நான் அவனிடம் விலையைப் பற்றியே பேசவில்லை. ஏறும், இறங்கும்; அது டோக்கனுக்கும் பங்குக்கும் பொது. “அப்பா போனப்போ என்னடா நடந்தது?” என்று கேட்டேன். இறப்புச் சான்றிதழ், நாமினி படிவம், அடையாள அட்டை; சில வாரத்தில் பங்குகள் அவன் டிமேட்டுக்கு வந்துவிட்டன. தரகர் யார், கணக்கு எங்கே என்று அவன் அலையவில்லை, ஏனென்றால் தரகர் கடையை மூடினாலும் டெபாசிட்டரியில் பெயர் இருக்கும். என் வேலையில் நான் பார்த்த எத்தனையோ பெண்கள், டிரங்குப் பெட்டியில் கணவரின் பத்திரக்கட்டோடு வந்தவர்கள், வெறுங்கையோடு போகாததற்குக் காரணம் எங்கள் ஏட்டில் அந்தப் பெயர் இருந்ததுதான். “உன் டோக்கன் விஷயத்தில் நாளைக்கு உன் பெண்டாட்டி யார் கதவைத் தட்டுவாள்? ஆப்பிள் கம்பெனியிடம் போனால் உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. டோக்கன் வெளியிட்டவரிடம் போகவேண்டும். அவர் கவிழ்ந்தால், பங்கு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதா, வெறும் ஒப்பந்தமா என்று அந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டவேண்டும். அதே ஆப்பிளை ஜெர்மனியில் ஒரு தரகரிடம் பங்காகவே வாங்க உனக்கு எந்தத் தடையும் இல்லையே?”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, டோக்கனுடைய நிபந்தனைக் காகிதத்தை அனுப்புகிறேன், படித்துச் சொல்லுங்கள் என்றான். எழுபது பக்கத்துக்கு மேல் வந்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு முழுவதும் படித்தேன். பங்குதாரர் உரிமை எதையும் இது தராது என்ற வாசகம் அதில் ஒளித்து வைக்கப்படவில்லை, தெளிவாகவே இருந்தது. விளம்பரத்தில்தான் அந்த வரி இல்லை. அதை அடிக்கோடிட்டு அவனுக்கு அனுப்பினேன். அப்பாவின் பங்குகளைத் தொடவில்லை. ஒரு சின்னத் தொகைக்கு மட்டும் டோக்கன் வைத்திருக்கிறான். அது அவன் காசு, அவன் இஷ்டம்.

சந்தைகளும் சும்மா இல்லை. 2025 செப்டம்பரில் நாஸ்டாக், பட்டியலிட்ட பங்குகளையே டோக்கன் வடிவிலும் பைசல் செய்ய அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யிடம் அனுமதி கேட்டது. அந்த டோக்கனில் ஓட்டு, டிவிடெண்ட் எல்லாம் அசல் பங்குக்குச் சமமாக இருக்கவேண்டும், பைசல் டி.டி.சி. வழியாகவே நடக்கவேண்டும் என்பது திட்டம். டோக்கன் ஆக்கினாலும் பத்திரம் பத்திரம்தான், பழைய சட்டமே பொருந்தும் என்று எஸ்.இ.சி.யின் ஆணையர் ஹெஸ்டர் பியர்ஸ் அதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார். அந்த வழியில் வரும் டோக்கனின் கதை வேறு. அதைத் தனியாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.