மலை ஏறாத வாக்குச் சீட்டு

வடக்கனந்தலில் நின்று மேற்கே நோக்குங்கள். கல்வராயன் மலை எதிரே நிமிர்ந்து நிற்கிறது. கோமுகி ஆறு அம்மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. தண்ணீர் கீழே வந்தது. தேனும் கடுக்காயும் கீழே வந்தன. கூலிக்கு ஆட்களும் வந்தனர். ஆனால் கீழிருந்து மேலே சென்றிருக்க வேண்டிய ஒன்று நெடுங்காலம் செல்லவில்லை. அதுதான் வாக்குச் சீட்டு!

தேர்தல் முடிந்ததும் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். இந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது? நூற்றுக்கு எத்தனை பேர் வாக்களித்தனர்? மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு, அதை மறந்துவிடுகிறோம். பட்டியலில் பெயரே ஏறாதவர் யார்? ஓர் ஊரில் வயது வந்தோர் 100 பேர். பட்டியலில் 40 பேர். வாக்களித்தோர் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு என்ன சொல்லும்? நூற்றுக்கு 75 என்று பெருமை பேசும். விடுபட்ட 60 பேரைப் பற்றி வாய் திறவாது.

இந்த வாய்மூடிக் கணக்கு பழையது. 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தது, நீதிக்கட்சி வென்றது. ஆயினும் அன்று சொத்தும் வரியுமே வாக்காளனை உண்டாக்கின. உழைப்பவனுக்கு உரிமை இல்லை. பெண்ணுக்கும் இல்லை, அவளுக்கிருந்த தடையை 1921-இல் அதே சட்டமன்றம் நீக்கியது. அப்போதும் சொத்துள்ள பெண்ணுக்கே வாக்கு.

பின்னர் அரசியல் சட்டம் வந்தது. 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு என்றது. முதற் பொதுத்தேர்தலின்போது நடந்ததென்ன? தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள், பெரும்பாலும் வடநாட்டவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டம் உரிமை தந்தது. கணவன் பெயரைச் சொன்ன பழக்கம் அதைப் பறித்துக்கொண்டது.

சமவெளியில் வாக்கு வளர்ந்தது. 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் நூற்றுக்கு 76-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஊர்தோறும் கூட்டம், தெருதோறும் கொடி, திண்ணைதோறும் விவாதம்! அந்நாளில் கல்வராயன் மலை எவர் கையில் இருந்தது?

மூன்று ஜாகீர்தார்களின் கையில்! சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்கள் மலையைப் பங்கிட்டிருந்தன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் வந்தது. மலையை அரசு ஏற்றதோ 1976 ஜூன் 25-ஆம் நாள்! தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வெள்ளையன் போன பிறகும் 29 ஆண்டுகள் ஜாகீரின் கீழ் வாழ்ந்தனர்.

அந்த நாளை எண்ணிப் பாருங்கள். நெருக்கடி நிலை வந்து சரியாக ஓராண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை அவ்வாண்டு சனவரி 31-இல் கலைக்கப்பட்டு, சென்னையில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சமவெளியான் குரல் இழந்திருந்த வேளையில் மலையான் ஜாகீரிலிருந்து விடுபட்டான். ஆணையால் வந்தது அந்த விடுதலை, வாக்கால் வந்ததன்று. ஆகவேதான் வாக்கு உடன் வரவில்லை போலும்!

கள்ளக்குறிச்சி நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பின், 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அரசு மலையை ஏற்ற பிறகும் அம்மக்கள் வாக்குரிமை பெற மேலும் 20 ஆண்டுகள், 1996 வரை, ஆயின என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது.

"மலைவாழ் மக்களுக்கு அரசியல் தெரியாது, தலைவன் சொன்ன பக்கம் சாய்வார்கள்" என்று சொல்லும் அறிவாளிகள் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: நிலம் அவன் கையில் இருக்க, சாய்வு இவன் கையில் எப்படி இருக்கும்? 1868-இல் வேல்ஸ் நாட்டில் பண்ணையாருக்கு எதிராக வாக்களித்த குத்தகைக்காரர்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். அன்று வாக்கை ஊரறிய வாயால் சொல்ல வேண்டும். 1872-இல் இரகசிய வாக்குச் சட்டம் வந்த பிறகே குத்தகைக்காரன் தன் மனத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. வேல்ஸ்காரன் வெள்ளையன், எழுத்தறிந்தவன். அவனையே நிலம் அடிமைப்படுத்தியது என்றால், மலையாளியைப் பழிப்பது நேர்மையா?

இன்று கல்வராயன் மலை தனி வட்டம். வெள்ளிமலை அதன் தலைநகர். வாக்குச் சாவடியும் உண்டு. ஆனால் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. கள்ளக்குறிச்சி மாவட்ட மலைமக்கள் வாக்களிக்கும் சங்கராபுரம் பொதுத்தொகுதி. அங்கே சமவெளி வாக்கு மிகுதி. மலை வாக்கு குறைவு. குறைந்த வாக்கைத் தேடி எந்த வேட்பாளன் மலை ஏறுவான்? ஏறினாலும் எத்தனை முறை ஏறுவான்?

தோழர்களே! பகுத்தறிவு என்பது கடவுளைக் கேள்வி கேட்பதோடு முடிந்துவிடுவதன்று. கணக்கையும் கேள்வி கேட்க வேண்டும். அடுத்த தேர்தலில் நூற்றுக்கு இத்தனை என்று எவரேனும் பெருமையோடு சொன்னால், "எந்த நூற்றில்?" என்று கேளுங்கள். பிறகு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள். வீடு வீடாகச் சென்று பெயர்களை ஒத்துப் பாருங்கள். விடுபட்ட பெயர் ஒன்றைச் சேர்ப்பது, மேடையில் பேசும் ஒரு மணி நேரப் பேச்சை விடப் பெரிய தொண்டு.