குறத்தி காட்டிய உலகம்: பிறநாட்டறிவு கற்பித்தலில் ஊடாட்டத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பிறநாடுகளைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்க இணையவழி ஊடாட்டக் கருவிகள் இன்று பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. ஊடாட்டம் என்பது கணினியுடன் வந்த புதுமை என்னும் எண்ணமும் நிலவுகிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் தேவேந்திர குறவஞ்சி, 19ஆம் நூற்றாண்டுப் பாடநூல்கள், இன்றைய இணையக் கருவிகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, வினா யாரிடமிருந்து பிறக்கிறது என்பதே ஊடாட்டத்தை அளக்கும் அளவுகோல் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, சரபோஜி, புவியியல் கல்வி, வினாவிடை, ஊடாட்டம், கடலூர்.

முன்னுரை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதியில், சிப்காட் தொழில்வளாகத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் குடிகாடு. உப்பனாறும் வங்கக்கடலும் இதற்கு அண்மையில் உள்ளன. இவ்வட்டாரம் வெளிநாட்டுத் தொடர்பில் நெடிய வரலாறு உடையது. 1690இல் ஆங்கிலேயர் கடலூருக்கு அருகிலிருந்த கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். 1717இல் தரங்கம்பாடி மறைப்பணியாளர்கள் கடலூரில் பள்ளி தொடங்கினர். இத்தகைய நிலப்பகுதியில் வளரும் மாணவருக்குப் பிறநாடு எவ்வாறு அறிமுகமாதல் வேண்டும் என்னும் சிக்கலுக்கு, முன்பு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் வழிகாட்டுகின்றன.

கடலூரிலிருந்து தஞ்சை அரண்மனைக்கு

ஜெர்மானியரான கெரிக்கே 1767 முதல் கடலூரில் மறைப்பணியாற்றினார். பின்னர்ச் சென்னைக்குச் சென்ற அவரிடமே, 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்ட இளவரசர் சரபோஜி கல்வி பயின்றார். அதற்கு முன் தஞ்சையில் சுவார்ட்ஸ் அவருக்கு ஆசிரியராக விளங்கினார். 1798இல் அரியணை ஏறிய சரபோஜி, நிலப்படங்களையும் ஐரோப்பிய நூல்களையும் திரட்டிச் சரசுவதி மகாலை வளப்படுத்தினார். ‘நவவித்யா’ எனப்பட்ட புதிய கல்விக்கெனப் பள்ளிகளையும் நிறுவினார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்துப் பள்ளி அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

தேவேந்திர குறவஞ்சி

சரபோஜி இயற்றியதாக வழங்கும் மராத்தி நாடகமான தேவேந்திர குறவஞ்சி, உலகப் புவியியலைப் பாடல்களில் கூறுவது. தமிழில் வளர்ந்த குறவஞ்சி வடிவத்தை இந்நாடகம் தன்வயப்படுத்திக் கொண்டது. குறவஞ்சியில் தலைவி குறத்தியிடம் அவளது மலைவளம், நாட்டுவளம் பற்றி வினவுவாள். குறத்தி தான் சுற்றிய நாடுகளையும் பெற்ற பரிசில்களையும் எடுத்துரைப்பாள். திருக்குற்றாலக் குறவஞ்சியிலும், சரபோஜியையே தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியிலும் இம்மரபைக் காணலாம். தேவேந்திர குறவஞ்சியில் இந்திராணியின் முன் நிற்கும் குறத்தி கூறும் நாடுகள் கண்டங்கள் கடந்து விரிகின்றன.

புதிய செய்தியைப் பழகிய வடிவில் வழங்கியமை இந்நாடகத்தின் முதற்சிறப்பு. அறிவுரைக்கும் இடம் அரசனுக்கோ ஆசிரியருக்கோ அன்றி, ஊர் சுற்றும் குறத்திக்கு அளிக்கப்பட்டமை இரண்டாவது சிறப்பு. நாடகத்தின் வினாக்களும் புலவர் எழுதியவையே, ஆதலின் இதனை உண்மையான ஊடாட்டமாகக் கொள்ளலாகாது என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஓரளவு பொருந்தும். அரசவைச் சூழலில் மராத்தியில் அமைந்தமையால் அதன் பரப்பும் குறுகியதே. எனினும், கேட்போரின் ஆர்வத்திலிருந்து செய்தி பிறக்க வேண்டும் என்னும் கொள்கை அதன் அமைப்பிலேயே உள்ளது.

பூமிசாஸ்திரமும் வினாவிடையும்

சரபோஜி மறைந்த 1832ஆம் ஆண்டிலேயே இரேனியஸின் பூமிசாஸ்திரம் வெளிவந்தது. தமிழில் அச்சான தொடக்ககால அறிவியல் நூல்களுள் ஒன்றான இது, அரண்மனைக்கு வெளியே இருந்த மாணவருக்கும் உலகச் செய்திகள் தமிழ் உரைநடையில் எட்ட வழிசெய்தது. அதே நூற்றாண்டில் வினாவிடை என்னும் வடிவமும் பரவியது. போப்பின் இலக்கண வினாவிடை, ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை ஆகியன அதற்குச் சான்றுகள். இவ்வடிவில் வினாவும் விடையும் நூலுக்கே உரியவை. மாணவர் பணி மனனம் செய்தல். பாடம் பலரைச் சென்றடைந்தது; ஆயின் கேட்கும் உரிமை மாணவரிடமிருந்து நூலுக்கு மாறியது.

இணையவழிக் கருவிகள்

2018 முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. சமூக அறிவியல் நூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் சேர்க்கப்பட்டது. 2023இல் மணற்கேணி செயலி தொடங்கப்பட்டது. 2005இல் அறிமுகமான கூகுள் எர்த் போன்ற கருவிகள், உலக உருண்டையை மாணவரே சுழற்றிப் பார்க்க இடமளிக்கின்றன.

இவற்றை இரு வகையாகப் பகுக்கலாம். நாட்டின் தலைநகரையோ கொடியையோ கேட்டு, நான்கு விடைகளுள் ஒன்றைத் தொடச் செய்பவை முதல்வகை. திரையும் ஒலியும் புதியவை. அமைப்போ 19ஆம் நூற்றாண்டு வினாவிடையே. மாணவர் தம் ஊரிலிருந்து தொடங்கித் தாம் விரும்பிய திசையில் செல்ல இடமளிப்பவை இரண்டாம் வகை. இவையே குறத்தியின் மரபில் வருவன.

26.12.2004 அன்று கடலூர்க் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் பின்னர்ப் பிறந்த குழந்தைகள் அதனைப் பெரியவர் வாய்மொழியாகவே அறிவர். ‘அந்த அலை எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு குழந்தை வினவினால், உலக உருண்டையில் கடலூரிலிருந்து கிழக்கே நகர்ந்து அந்தமான் கடந்து சுமத்திரா வரை செல்லலாம். அங்கும் மீனவர் ஊர்கள் உள்ளன. இங்கு நேர்ந்த இழப்பினும் பேரிழப்பு அங்கு நேர்ந்தது. இந்தோனேசியா என்பது தேர்வுக்குரிய பெயராக மட்டும் நில்லாமல், ஒரே கடலைப் பகிரும் மக்களின் நாடாக அக்குழந்தைக்கு விளங்கும். தலைநகர் யாது என்னும் வினாவிலிருந்து தொடங்கும் பாடத்தில் இவ்வுறவு புலப்பட வாய்ப்பில்லை.

முடிவுரை

ஊடாட்டம் கருவியின் பண்பன்று. கற்பிக்கும் முறையின் பண்பு. பாடலாலும் ஆடலாலும் அமைந்த குறவஞ்சியில் அதன் கூறுகள் இருந்தன. இன்றைய கணினித் திரையில் அவை இல்லாமலும் போகலாம். ஆதலின் இணையவழிக் கருவிகளை மதிப்பிடுவோர், எத்தனை நாடுகளின் செய்திகள் அவற்றில் உள்ளன என்பதோடு, மாணவர் தம் வினாவைத் தொடுக்க அவை இடமளிக்கின்றனவா என்பதையும் ஆராய வேண்டும். குடிகாட்டுக் குழந்தையின் வினா உப்பனாற்றங்கரையிலிருந்து தொடங்கும். அதனைக் கேட்டு, அங்கிருந்து உலகத்தைக் காட்டும் ஆசிரியரே இன்றைய வகுப்பறைக்குத் தேவையான குறத்தி.