அச்சில் பிறந்த மர விமானம்

1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு விமானத் தளத்திலிருந்து புதியதொரு விமானம் முதன்முறையாக மேலெழுந்தது. அதன் பெயர் மஸ்கிட்டோ. கொசு என்று பொருள். உலோகமே விமானத்துக்கு உரியது என்று பலரும் கருதிய நாளில், டி ஹாவிலண்டு நிறுவனத்தார் அதனை மரத்தால் கட்டினர். போர்க்காலத்தில் அலுமினியம் அரிது. நாற்காலி, மேசை செய்யும் தச்சர்களோ நாடெங்கும் இருந்தனர்.

ஆனால் பலகையை ஒரு திசையில் வளைப்பது எளிது. ஒரே வேளையில் இரு திசைகளில் வளைத்தால் மடியும், அல்லது பிளக்கும். விமானத்தின் உடற்பகுதியோ முட்டை போல எப்புறமும் வளைந்து, வாலை நோக்கிச் சிறுத்துச் செல்வது. இதற்கு அவர்கள் கண்ட வழி அச்சு.

அவரைக்காயை நெடுக்காகப் பிளந்தாற்போல் உடற்பகுதியை இடப்பாதி, வலப்பாதி என வகுத்தனர். ஒவ்வொரு பாதியின் உள்வடிவத்தையும் அப்படியே காட்டும் பேரச்சு ஒன்றை மஹோகனி மரத்தாலோ கான்கிரீட்டாலோ அமைத்தனர். உள்ளே நிற்கவேண்டிய சட்டங்களை அச்சில் வெட்டிய பள்ளங்களில் முதலில் பதித்தனர். அவற்றின்மேல் மெல்லிய பிர்ச்சு ஒட்டுப்பலகை. அதன்மேல் நெட்டியைப் போல் இலேசான பால்சா மரம். அதற்கும் மேல் மீண்டும் ஒட்டுப்பலகை. அனைத்தையும் பசையிட்டு, எஃகுப் பட்டைகளால் அச்சோடு இறுகக் கட்டி, உலரும்வரை விட்டனர். தனித்தனியே வலுக்குறைந்த பொருள்கள் கூடி, உறுதியான ஒரே ஓடாயின. குறுகிய குழலுக்குள் புகுந்து செய்யவேண்டிய கம்பி வேலையையும் குழாய் வேலையையும், திறந்த பாதியின் முன் நின்றே பெரும்பாலும் முடித்துவிட்டுப் பிறகு இரு பாதிகளையும் இணைத்தனர். மேலே போர்த்திய மெல்லிய பருத்தித் துணிக்கு மடப்பொலம் என்று பெயர். கோதாவரிப் பகுதியில் நரசாபுரத்தை அடுத்த மாதவாயபாளையம் என்னும் ஊர்ப்பெயரே அவ்வாறு திரிந்தது என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்பர்.

அச்சு வடிவத்தைத் தரும். ஒட்டின் உறுதியைத் தருவது பசையும் கையும். தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையையே பயன்படுத்தினர். 1944-இல் இந்தியாவிலிருந்த சில மஸ்கிட்டோக்களின் இறக்கை ஒட்டுகள் விட்டுப்போயின, விபத்துகளும் நேர்ந்தன. நவம்பரில் அவ்விமானங்கள் பறப்பதை நிறுத்திச் சோதித்தனர். வெப்பமும் ஈரமுமே காரணம் என்று முதலில் எண்ணினர். தொழிற்சாலையில் இணைப்புகளைச் செம்மையாகப் பொருத்தாமல் ஒட்டியிருந்ததும் பின்னர் வெளியாயிற்று. பழியை வெயிலின்மேல் போடுவது எளிதல்லவா?

1950 வரை 7,781 மஸ்கிட்டோக்கள் உருவாயின. பின்னர் அந்த அச்சுகளைப் பேணுவார் இல்லை. எஞ்சிய விமானங்களின் மரமும் மெல்ல மெல்ல உளுத்தது. உலோக விமானமாயின் பழுதான தகட்டை மாற்றலாம். இந்த ஓட்டையோ அச்சில்லாமல் மீண்டும் செய்ய இயலாது. ஆகவே நியூசிலாந்தில் இதனை உயிர்ப்பிக்க முனைந்தவர்கள், விமானத்துக்கு முன்னதாக அச்சுகளையே புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்பிற்குப்பின், 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆக்லாந்தை அடுத்த ஆர்ட்மோரில் அந்த அச்சில் பிறந்த மஸ்கிட்டோ வானேறியது.