எட்டுக்குள் அடங்காத சொற்கள்: ஆங்கிலச் சொல்வகைப் பாகுபாட்டின் வரலாறு

ஆங்கிலத்தில் சொல்வகை எத்தனை என்று கேட்டால், ரென் – மார்ட்டின் இலக்கணம் படித்தவர்கள் உடனே எட்டு என்பார்கள். இந்த எட்டு ஆங்கிலத்தின் இயல்பைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று. கிரேக்க இலக்கண ஆசிரியர் டயோனிசியஸ் த்ராக்ஸின் பெயரால் வழங்கும் நூலில் எட்டு வகைப் பட்டியல் முழுவடிவில் உள்ளது. அந்தப் பட்டியலில் இருந்த ஆர்ட்டிகிள் (ஆங்கில 'த' போன்ற சொல்) இலத்தீனில் கிடையாது. அதனால் ஏழாகக் குறையவேண்டிய எண்ணிக்கையை ரோமானியர் குறையவிடவில்லை. வியப்புச் சொற்களைத் தனிவகையாக்கி எட்டை நிரப்பினர். 4ஆம் நூற்றாண்டில் டொனாட்டஸ் வினாவிடையாக எழுதிய சிறுநூல் வழியே இப்பட்டியல் ஐரோப்பியப் பள்ளிகளில் வேரூன்றியது.

அப்பட்டியலில் பெயரடை இல்லை என்பதே இங்குக் கவனிக்கவேண்டியது. இலத்தீனில் நல்ல பையன் 'புயேர் போனுஸ்'. நல்ல பெண் 'புவெல்லா போனா'. நல்ல பையன்கள் 'புயேரி போனி'. பால், எண், வேற்றுமை எல்லாவற்றிலும் அடைச்சொல் பெயரைப் போலவே உருமாறுகிறது. ஆகவே அதைப் பெயரின் ஒரு பிரிவாகக் கொண்டது முற்றிலும் நியாயம். பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய விகுதிகள் இருந்தன. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவை உதிர்ந்துவிட்டன. 'குட் பாய்', 'குட் கேர்ள்ஸ்' என எங்கும் 'குட்' மாறாமல் நிற்கிறது, நம் 'நல்ல' நிற்பதைப் போல.

விகுதி உதிர்ந்த பிறகும் இலக்கண நூல் மாறவில்லை. 1586இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்துக்கு முதல் அச்சு இலக்கணத்தை எழுதினார். தம் தாய்மொழிக்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்று நிறுவ அவர் முனைந்தது பெருமைக்குரியது. ஆனால் இலத்தீன் இலக்கண ஆசிரியர் லில்லியின் நூலையே அச்சாகக் கொண்டதால், பெயரடையைப் பெயருக்குள்ளேயே வைத்தார். நாடகாசிரியர் பென் ஜான்சனின் இலக்கணம், அவர் மறைவுக்குப் பின் 1640இல் அச்சாகி, ஆர்ட்டிகிளை ஒன்பதாவதாகச் சேர்த்தது. 1711இல் வந்த பிரைட்லண்டின் நூல் பெயர், பண்பு, வினை, இடைச்சொல் என நான்கே போதும் என்றது. துணிவான முயற்சி; பள்ளிகள் அதைப் பின்பற்றவில்லை.

1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி (ஆக்சிஜனை ஆராய்ந்த அதே அறிவியலாளர்) பழைய பட்டியலில் தனிவகையாக இருந்த பார்ட்டிசிபிளை (வினையிலிருந்து பிறக்கும் எச்சச் சொல்லை) நீக்கிவிட்டு அந்த இடத்தில் பெயரடையை வைத்தார். உறுப்பினர் மாறினாலும் எட்டு என்ற எண் மாறவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் லோத் ஒன்பது என்றார். 1795இல் லிண்ட்லி மரேயும் ஒன்பதையே ஏற்றார். ஆர்ட்டிகிளைப் பெயரடைக்குள் சேர்த்த ரென் – மார்ட்டின் பட்டியல், பிரீஸ்ட்லியின் எட்டோடு அப்படியே பொருந்துகிறது.

சொல்லின் பொருளைக் கொண்டு வகை பிரிப்பதையே 1952இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபிரீஸ் மறுத்தார். சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து, வாக்கியத்தில் சொல் நிற்கும் இடத்தைக் கொண்டு 4 பெருவகைகளும் 15 சிறு குழுக்களும் வகுத்தார். 'ரவுண்ட்' என்ற ஒரு சொல்லே இதற்குப் போதிய சான்று. 'ரவுண்ட் டேபிள்' என்பதில் அது பெயரடை. 'தேர்ட் ரவுண்ட்' என்பதில் பெயர். 'ரவுண்ட் த கார்னர்' என்பதில் முன்னிடைச்சொல். 'டர்ன் ரவுண்ட்' என்பதில் வினையடை. நான்கு இடத்திலும் எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்துச் சொல்தான் வகையைக் காட்டுகிறது.