வழியில் கிடந்த நாடு

1523-ஆம் ஆண்டு. பசிபிக் கரையிலிருந்து ஒரு சிறு படையோடு உள்நாட்டுக்குள் வந்த ஸ்பானியத் தளபதி கில் கொன்சாலஸ் தாவிலாவுக்கு முன்னால், மறுகரை கண்ணுக்கு எட்டாத ஒரு நீர்ப்பரப்பு விரிந்தது. அலை கரையில் மோதிக்கொண்டிருந்தது. குதிரையை உள்ளே இறக்கினார். குதிரை குடித்தது. தானும் அள்ளிக் குடித்துப் பார்த்தார், உப்புக் கரிக்கவில்லை. ‘மார் துல்சே’, அதாவது நன்னீர்க் கடல், என்று பெயரிட்டு அதை ஸ்பெயின் அரசருக்குச் சொந்தமாக்கினார். சுமார் 8,200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிகராகுவா ஏரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதிய கதை இப்படி ஒரு வாய்த் தண்ணீரில் தொடங்குகிறது.

ஏரிக்கரையை ஆண்ட தலைவரின் பெயரை ஸ்பானியர் நிகராவோ என்று எழுதிவைத்தார்கள். வந்தவர்களிடம் அவர் கேட்ட கேள்விகளும் பதிவாகியிருக்கின்றன. உலகம் ஒருமுறை வெள்ளத்தில் மூழ்கியது உண்மையா? சூரியனையும் நட்சத்திரங்களையும் நகர்த்துவது யார்? செத்த பிறகு ஆவி எங்கே போகிறது? கடைசியாக ஒன்று: இத்தனை சிறிய கூட்டத்துக்கு இத்தனை தங்கம் எதற்கு? கொன்சாலஸ் அந்த மண்ணில் சில வாரங்களே இருந்தார். திரியாங்கேன் என்ற இன்னொரு தலைவர் படை திரட்டித் தாக்கியதும், 32,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டு, கிடைத்த தங்கத்தோடு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களிலும் பெரும்பாலோர் வேறெங்கோ போகும் வழியில் நிகராகுவாவில் கால் வைத்தவர்கள்தான். இதற்கு அந்த நாட்டின் வரைபடமே காரணம். ஏரியின் மேற்குக் கரைக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்கும் குறைவான நிலம்தான் இருக்கிறது. ஏரியின் தென்கிழக்கு மூலையிலிருந்து சான் ஹுவான் ஆறு புறப்பட்டுக் கரீபியன் கடலில் விழுகிறது. இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே இயற்கையே முக்கால் வழியைத் தண்ணீராகப் போட்டு வைத்திருக்கிறது. பார்க்கிறவனுக்கெல்லாம் அது நாடாகத் தெரியவில்லை, குறுக்குவழியாகத் தெரிந்தது.

முதல் தலைமுறையில் ஒருவர் மட்டும் நின்று பார்த்தார். வரலாற்றாசிரியர் கொன்சாலோ பெர்னாந்தெஸ் தெ ஓவியெதோ 1529-இல் மசாயா எரிமலைமேல் ஏறி, வாயின் விளிம்பில் நின்று, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த நெருப்புக் குழம்பைப் பார்த்துப் படமும் வரைந்தார். பக்கத்து ஊர்த் தலைவர் அவரிடம் ஒரு கதை சொன்னார். அந்த வாய்க்குள்ளிருந்து ஒரு கிழவி வெளியே வருவாளாம். போர், மழை, விளைச்சல் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். கிறிஸ்தவர்கள் வந்தபின் அவள் வருவதில்லை. அவர்கள் இந்த மண்ணைவிட்டுப் போகும்வரை வெளியே தலைகாட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். தன் கூட்டத்தைப் பற்றிய இந்த வசையையும் மறைக்காமல் எழுதிவைத்ததற்காகவே ஓவியெதோவை மதிக்கலாம்.

அதே வாய்க்குள் 1538-இல் பிளாஸ் தெல் காஸ்தீயோ என்ற துறவி இறங்கினார். தலையில் இரும்புக் கவசம். கையில் மரச் சிலுவை, சுத்தியல், கொஞ்சம் திராட்சை மது. உள்ளே சிவப்பாகக் கொதிப்பது உருகிய தங்கம் அல்லது வெள்ளி என்பது அவர் கணக்கு. கயிற்றில் தொங்கியபடி இறங்கி, சங்கிலியில் கட்டிய பாத்திரத்தை விட்டு மொண்டு பார்த்தார்கள். மேலே வந்தது வெறும் கசடு. நிகராவோவின் கடைசிக் கேள்விக்குப் பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று இதைக் கொள்ளலாம்.

ஸ்பானியர் ஆண்ட மூன்று நூற்றாண்டில் பிற நாட்டவர் உள்ளே வருவதே அரிது. தோமினிக்கன் சபைத் துறவியாக இருந்த ஆங்கிலேயர் தாமஸ் கேஜ் 1637-இல் இந்த வழியாக நாடு திரும்பினார். ஏரிக்கரை நகரமான கிரனாடாவில் ஒரே நாளில் 300 கோவேறு கழுதைகளாவது அவுரிச் சாயமும் தோலும் சுமந்து வந்ததைக் கண்டு வியந்து எழுதினார். அவர் புத்தகம் 1648-இல் லண்டனில் வெளியானபோது, மதம் மாறிவிட்டிருந்த அந்தப் பழைய துறவியின் குறிப்புகளை இங்கிலாந்தில் பலரும் கொள்ளைக்கான வழிகாட்டியாகவே படித்தார்கள். 1780-இல் ஆங்கிலப் படை ஒன்று சான் ஹுவான் ஆற்றில் ஏறியது. ஸ்பானிய அமெரிக்காவை நடுவில் வெட்டிவிட வேண்டும் என்பது திட்டம். எல் காஸ்தீயோ கோட்டை வீழ்ந்தது. ஆனால் மழைக்காலமும் காய்ச்சலும் படையைத் தின்றுவிட்டன. அந்தப் படையோடு வந்த ஹிஞ்சின்புரூக் கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். நோயோடு தப்பிய அதன் கேப்டனுக்கு வயது 21. பெயர் ஹொரேஷியோ நெல்சன்.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்திதான் எல்லாவற்றையும் மாற்றியது. நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போக அப்போது ரயில் கிடையாது. தரை வழி மாதக்கணக்கு; தென்னமெரிக்க முனையைச் சுற்றும் கடல் வழியும் அப்படியே. பனாமாவைவிட நிகராகுவா வழி நூற்றுக்கணக்கான மைல் குறைவு என்று கண்டுகொண்டார் கப்பல் முதலாளி கொர்னீலியஸ் வாண்டர்பில்ட். 1851-இல் பாதை திறந்தது. கரீபியன் கரையில் கிரேடவுன் துறையில் இறங்க வேண்டும். சிறிய நீராவிப் படகில் ஆற்றில் ஏற வேண்டும். பாறைகளுக்கு நடுவே நீர் சீறிப் பாயும் எல் காஸ்தீயோவில் இறங்கி, கரையோடு நடந்து மேலே போய், வேறு படகில் ஏற வேண்டும். அடுத்து ஏரியைக் கடக்கும் பெரிய படகு. அக்கரையில் லா விர்ஹென் என்ற குக்கிராமம். அங்கிருந்து சான் ஹுவான் தெல் சூர் துறைக்கு 12 மைல். முதலில் கோவேறு கழுதைமேல். பிறகு சாலை போட்டதும் நீலமும் வெள்ளையும் பூசிய வண்டிகளில்.

இந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்களுக்கு நிகராகுவா என்றால் சேறு, கொசு, முதலை, ஆரஞ்சுப் பழம் விற்கும் பெண்கள், கரியைக் கக்கும் படகு. காலராவும் கூடவே வந்தது. கூட்டத்தை நம்பி வழிநெடுக விடுதிகளும் சோற்றுக் கடைகளும் முளைத்தன. வழிப்போக்கரின் பணத்தில் பிழைத்த ஊர்க்காரர்கள், வழி மாறினால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

வழிப்போக்கர் வேடத்தில் ஆபத்தும் வந்தது. வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் 1855-இல் சுமார் 60 ஆட்களோடு வந்திறங்கி, உள்நாட்டுச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து, அக்டோபரில் கிரனாடாவைப் பிடித்து, அடுத்த ஆண்டு தன்னையே அதிபராக்கிக்கொண்டார். ஒழிந்துபோயிருந்த அடிமை முறையைச் சட்டமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வந்த ஆட்களில் பெரும்பாலோர் வாண்டர்பில்ட் தொடங்கிய அதே கப்பல் பாதையில்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு அந்தப் பாதையை நடத்திய கம்பெனியின் படகுகளையே வாக்கர் பறித்தபோது, வாண்டர்பில்ட் எதிரிப் பக்கம் சாய்ந்தார். கோஸ்டாரிகா படை ஆற்றுப் படகுகளைக் கைப்பற்றி ஆள் வரத்தை அடைத்தது. பின்வாங்கிய வாக்கரின் படை கிரனாடாவைக் கொளுத்திவிட்டு, ‘கிரனாடா இங்கே இருந்தது’ என்று எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போனது. 1860-இல் ஹோண்டுராஸில் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தச் சண்டையில் அடைபட்ட பாதை மறுபடி திறந்து, தன் கடைசி மூச்சில் இருந்தபோது, 1866 டிசம்பரில் ஒரு முப்பத்தொரு வயதுப் பத்திரிகைக்காரர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல் ஏறினார். மார்க் ட்வைன் என்ற பெயர் அப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. பத்திரிகைக்குப் பயணக் கடிதம் எழுதுவது ஒப்பந்தம். சான் ஹுவான் தெல் சூரில் இறங்கியதும் ஊரில் காலரா என்று செய்தி. பயணிகள் நின்று யோசிக்கவா முடியும்? வண்டியிலும் குதிரையிலும் கழுதையிலும் ஏறி 12 மைலைக் கடந்தார்கள். வழியோரப் பெண்கள் செதுக்கு வேலை செய்த சுரைக் குடுவைகளில் சாக்லேட் பானம் விற்றதையும், அவர்கள் அழகையும், வண்டிக்காரர்களின் வசவையும் ட்வைன் விடாமல் எழுதினார்.

ஏரி வந்ததும் அந்தக் கேலிக்கார எழுத்து கொஞ்சம் அடங்குகிறது. நீருக்கு நடுவே ஒமெதெபே தீவில் இரண்டு எரிமலைகள், அடியிலிருந்து பச்சை போர்த்தி, உச்சியில் மேகம் சுற்றி நிற்கின்றன. உயரமானது 1,600 மீட்டருக்கு மேல். உலகத்தின் அலைச்சல் எட்டாத இடம் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தீவில் ஊர்கள் இருந்தன, வரி இருந்தது, சண்டை இருந்தது. படகின் மேல்தளத்திலிருந்து அதெல்லாம் தெரியாது. ஆற்றில் முதலைகளையும் குரங்குகளையும் எண்ணிக்கொண்டே கிரேடவுன் போய், 1867 புத்தாண்டு நாளில் அடுத்த கப்பல் ஏறினார். அந்தக் கப்பலில் காலரா கூடவே ஏறியது. நடுக்கடலில் சவங்களை இறக்கிக்கொண்டே, எஞ்சின் பழுதாகிப் பழுதாகி, ஜனவரி 12 அன்று நியூயார்க் சேர்ந்தார்கள். நிகராகுவாவில் அவர் இருந்தது சில நாள். அவர் போன இரண்டாண்டுக்குள் பாதை மூடப்பட்டது. 1869-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயிலும் வந்துவிட்டது.

ட்வைன் கடந்துபோன அதே ஆற்றின் வழியே 1868-இல் ஒரு ஆங்கிலேயர் மேலேறினார். சொந்தாலெஸ் மலைப்பகுதியில் சாந்தோ தொமிங்கோ என்ற ஊரில் இருந்த தங்கச் சுரங்கத்தை நடத்த வந்த தாமஸ் பெல்ட். இவர் நாலு ஆண்டுக்கு மேல் தங்கினார். வேலை சுரங்கம், மனசு தோட்டத்து எறும்புகளில். அவர் நட்ட செடிகளை இலைவெட்டி எறும்புகள் மொட்டையடித்தபோது, கார்பாலிக் அமிலத்தைக் கரைத்துப் புற்றில் ஊற்றினார். விரட்டியது போதாதென்று, அவை இலையை என்னதான் செய்கின்றன என்று புற்றைத் தோண்டிப் பார்த்தார். அமேசானில் அவற்றைப் பார்த்த இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ், இலைகளைக் கூரை வேயத்தான் கொண்டுபோகின்றன என்று எழுதியிருந்தார். பெல்ட் பார்த்தது வேறு: நொறுங்கிய இலைக் குவியல் முழுக்க வெள்ளை நூலாகப் பூஞ்சணம். எறும்புகள் இலையைத் தின்னவில்லை. இலையை எருவாக்கிப் பூஞ்சணப் பயிர் செய்கின்றன, அதுவே அவற்றின் சோறு என்றார். பிறகு வந்த ஆராய்ச்சி அதைச் சரியென்று காட்டியது.

அவர் புத்தகத்தில் இன்னொரு காட்சி. சுரங்க வண்டிகள் ஓடும் தண்டவாளத்தின் குறுக்கே எறும்புகளின் பாதை. சக்கரத்தில் நசுங்கிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில நாள் கழித்துப் பார்த்தால், தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி அதன் வழியே போய்வந்துகொண்டிருந்தன. வண்டி ஓடாத ஒருநாள் பெல்ட் அந்த ஓட்டைகளைக் கல்லால் அடைத்தார். அப்போதும் ஒன்றுகூட மேலே ஏறிக் கடக்கவில்லை. புதிதாகத் தோண்டத் தொடங்கின. 1874-இல் வந்த அவர் புத்தகத்தை, இயற்கையறிவுப் பயண நூல்களில் ஆகச் சிறந்தது என்று டார்வின் பாராட்டினார். படகிலிருந்து பார்த்தவர்கள் எரிமலையைப் பார்த்தார்கள். பெல்ட் எறும்பைப் பார்த்தார். நிகராகுவாவைப் பற்றி ஒரே ஒரு பழைய புத்தகம் படிக்க நேரமிருந்தால் இதைத்தான் படிக்க வேண்டும்.

ஒருவகையில், எரிமலையைப் பார்த்த கண்ணே கடைசியில் அந்த நாட்டின் தலையெழுத்தையும் எழுதியது. 1902-இல் கால்வாய் வெட்ட நிகராகுவாவா பனாமாவா என்று அமெரிக்க செனட் விவாதித்தது. மே மாதம் கரீபியனில் மோன் பெலே எரிமலை வெடித்து ஒரு நகரத்தையே அழித்திருந்தது. பனாமாவுக்காக வாதாடிய பிரெஞ்சுக்காரர் பிலிப் புனோ-வரியா, மொமொதொம்போ எரிமலை புகைவிடும் நிகராகுவா அஞ்சல் தலைகளைத் தேடி வாங்கி, ஒவ்வொரு செனட்டருக்கும் ஒன்று அனுப்பினார். ஜூன் மாதம் பனாமா வென்றது. அஞ்சல் தலைதான் தீர்ப்பு எழுதியது என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். செலவுக் கணக்கும் அரசியலும் இருந்தன. கால்வாய்க் கனவு மட்டும் போகவில்லை. 2013-இல் ஒரு சீனத் தொழிலதிபரின் கம்பெனிக்கு உரிமை கொடுத்து, கால்வாய் வராமலே, 2024-இல் ரத்து செய்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பயணிகள் வந்தது அரசியல் பார்க்க. 1979-இல் சாந்தினிஸ்தா புரட்சியாளர்கள் சொமோசா குடும்ப ஆட்சியைக் கவிழ்த்தபின், காப்பிக் கொட்டை பறிக்க அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். 1986 ஜூலையில் மும்பையில் பிறந்த சல்மான் ருஷ்டி மூன்று வாரம் சுற்றி, அடுத்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதினார். புரட்சிமேல் அனுதாபம் இருந்தும், பத்திரிகைக்குப் பூட்டுப் போட்ட அரசை அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. மூன்று வாரம்தான் பார்த்தேன் என்பதை மறைக்காதது அந்த நூலின் பலம்.

இப்படி வந்த பயணிகள் தலைநகர் மனாகுவாவில் வழி தெரியாமல் திண்டாடியிருக்கிறார்கள். 1972 டிசம்பர் 23 நள்ளிரவுக்குச் சற்றுப்பின் நிலநடுக்கம் நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பெரும்பாலான தெருக்களுக்கு வழங்கும் பெயர் இல்லை. அடையாளங்கள் விழுந்தன, முகவரிகள் விழவில்லை. ஊர்க்காரர்கள் இன்றும் இல்லாத கட்டடத்தை வைத்தே வழி சொல்கிறார்கள்: இன்ன கடை இருந்த இடத்திலிருந்து ‘மேலே’ இரண்டு தெரு, அப்புறம் ‘ஏரிப் பக்கம்’ ஒரு தெரு. மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு. கீழே என்றால் மேற்கு. ஏரிப் பக்கம் என்றால் வடக்கு, மனாகுவா ஏரி இருக்கும் திசை. இப்படி வழி சொல்லப் பயன்படும் அடையாளங்களில் ஒன்று ‘சின்ன மரம்’. அந்த மரம் எப்போதோ பட்டுப்போய்விட்டது.